நாய்க்குட்டி வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி? ஏமாந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஆன்லைனில் நாய்க்குட்டிக்குப் பணம் கட்டி ஏமாந்தவர் வீட்டில் முதலில் விழும் பேச்சு, "பாக்காம எதுக்குப் பணத்தைப் போட்ட?" என்பதுதான். அந்தப் பேச்சுக்குக் கூச்சப்பட்டே பலர் புகார் கொடுப்பதில்லை. புகார் போகாத எண், அடுத்த வாரம் அதே குட்டியின் படத்தை வேறு பெயரில் போட்டு இன்னொரு வீட்டில் பணம் வாங்குகிறது. அதனால் ஏமாறாமல் இருக்கச் செய்ய வேண்டியதையும், ஏமாந்த பிறகு எந்தப் பொறுப்பு யார் தலையில் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குட்டியே இல்லாத மோசடி: படம் மட்டும் இருக்கும், பணம் போகும். இரண்டாவது, குட்டி கைக்கு வரும். ஆனால் சொன்ன வயது, இனம், ஆரோக்கியம் எதுவும் இருக்காது. முதல் வகைக்குப் போலீஸ், இரண்டாவதற்கு நுகர்வோர் ஆணையம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் முதல் சில மணி நேரம் வீணாகும். முதல் வகையில் அந்தச் சில மணி நேரம்தான் எல்லாமே.

குட்டியே இல்லாத மோசடி எப்படி நடக்கிறது

விலையில்தான் தூண்டில். ஊரில் 12,000, 15,000 என்று சொல்லப்படும் லாப்ரடார் குட்டி, விளம்பரத்தில் 4,000 ரூபாய்க்கு இருக்கும். கேட்டால் "மாற்றலாகிப் போறோம்", "அம்மாவுக்கு அலர்ஜி", "நல்ல வீட்டுக்குப் போனாப் போதும்" என்று காரணம் வரும். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் அனுப்புவது பழகிப்போன உத்தி. அடையாள அட்டை அனுப்பினாலே சந்தேகப்படுங்கள். நாய் விற்பவருக்கு அதைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. குட்டியை இலவசமாகத் தருகிறோம், வண்டிக்கூலி மட்டும் போதும் என்பதும் இதே ஆட்டம்தான்.

பேச்சு சூடு பிடித்ததும், "இன்னும் ரெண்டு பேர் கேக்கறாங்க, 1,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டா உங்களுக்குன்னு வெச்சிடறேன்" என்பார்கள். சிறிய தொகை என்பதால் கை தாராளமாகப் போகும். அது போன பிறகு படிப்படியாக ஏறும்: வண்டிக்கூலி, கூண்டுக் கட்டணம், தடுப்பூசிச் சான்று, "குட்டி வந்ததும் திருப்பித் தரப்படும்" இன்சூரன்ஸ். ஒவ்வொரு தொகையும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஏற்கெனவே கட்டியது போய்விடுமே என்ற பயத்தில்தான் அடுத்ததைக் கட்டுகிறோம். மோசடிக்காரர் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான்.

கடைசிப் படி விமான நிலையம். "குட்டி டெல்லி ஏர்போர்ட்ல மாட்டிக்கிச்சு, கஸ்டம்ஸ்ல 9,500 கட்டணும், கட்டலைன்னா உங்க மேல மிருகவதை கேஸ் வரும்" என்று ஒரு "அதிகாரி" பேசுவார். ஒரு கூரியர் இணையதளத்தின் முகவரியும் டிராக்கிங் எண்ணும் வரும். தட்டிப் பார்த்தால் குட்டி எங்கோ நிற்பதாகக் காட்டும். எல்லாம் ஜோடனை. உள்நாட்டுக்குள் வரும் குட்டிக்குச் சுங்கம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் நாய் பூனைகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். விலங்கு தனிமைப்படுத்தல் நிலையம் உள்ள சென்னை, டெல்லி, மும்பை போன்ற நகரங்கள் வழியாக மட்டுமே அவை வர முடியும். அந்தப் பணம் அரசுக் கணக்குக்குத்தான் போகும். எந்த அதிகாரியும் தன் ஜிபே எண்ணுக்குக் கேட்பதில்லை. மிருகவதை வழக்கு என்ற மிரட்டலும் வெத்து: இல்லாத குட்டியை நீங்கள் வதைக்க முடியாது.

இன்னொரு வழி, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று க்யூஆர் கோடு அனுப்புவது. பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யுபிஐ பின் போடவும் வேண்டாம். பின் போடச் சொன்னால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று பொருள். திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள்.

பணம் போடும் முன்

விளம்பரத்துப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். படத்தின் ஓரத்தில் ஏதாவது எழுத்து இருந்தால் வெட்டிவிட்டு, குட்டி மட்டும் வருமாறு தேடினால் நன்றாகச் சிக்கும். அதே குட்டி வேறு மாநிலத்து விளம்பரத்திலோ வெளிநாட்டுத் தளத்திலோ இருந்தால் முடிந்தது கதை. எதுவும் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவில் செய்த படத்துக்கு மூலம் எங்கேயும் இருக்காது.

வீடியோ அனுப்பச் சொல்வதால் பயனில்லை, பழைய வீடியோ வரும். நேரடி வீடியோ அழைப்புத்தான் வேண்டும், அதிலும் நீங்கள் அந்த நேரத்தில் யோசித்துச் சொல்வதை அவர் செய்ய வேண்டும்: "குட்டி பக்கத்துல ஒரு எவர்சில்வர் டம்ளரை வைங்க", "மல்லாத்தி வயித்தைக் காட்டுங்க", "இப்ப தாய் நாய் இருக்கற இடத்துக்கு நடந்து போங்க, கட் பண்ணாம". சிலர் இன்னொரு போனில் ஓடும் வீடியோவை கேமரா முன் பிடிப்பார்கள். டம்ளர் சோதனையில் அது நிற்காது. "நெட் சரியில்லை" என்று நழுவினால், நெட் சரியான பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுங்கள்.

யுபிஐ எண்ணைப் போட்டதும் வங்கியில் பதிவான பெயர் திரையில் வரும். விற்பவர் பெயர் கார்த்திக், திரையில் வருவது வேறு மாநிலத்துப் பெயர் என்றால் "அது என் பார்ட்னர்", "அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சு" என்று சமாதானம் சொல்வார்கள். அந்த இடத்தில் நிறுத்துங்கள். தேசிய சைபர் குற்றத் தளத்தில் (சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்) சந்தேகத்துக்குரிய போன் எண், யுபிஐ முகவரி, கணக்கு எண் ஆகியவற்றைத் தேடிப் பார்க்கும் வசதி உண்டு. ஏற்கெனவே யாராவது புகார் கொடுத்திருந்தால் தெரிந்துவிடும்.

கூரியர் நிறுவனம் என்று ஒரு இணையதளம் வந்தால், அதன் டொமைன் (தள முகவரி) எப்போது பதிவானது என்று, அதைக் காட்டும் ஹூயிஸ் (WHOIS) தேடலில் பாருங்கள். "20 ஆண்டு அனுபவம்" என்று எழுதியிருக்கும் தளம் மூன்று வாரம் முன்பு பதிவாகியிருக்கும். இரண்டு நிமிட வேலை.

இவை எல்லாம் சல்லடைகள்தான். நாங்கள் விட்டுக்கொடுக்காத விதி ஒன்றே ஒன்று: குட்டியை நேரில் பார்த்து, கையில் வாங்கிய பிறகே பணம். பேர்பெற்ற பிரீடரிடம் குட்டி பிறக்கும் முன்பே பதிவு செய்ய வேண்டிவந்தால், முதலில் போய்த் தாய் நாயையும் இடத்தையும் பாருங்கள், அங்கேயே ரசீது வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். கோயம்புத்தூர்க்காரர் ராஜபாளையத்தில் குட்டி வாங்குவதென்றால் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். போக முடியாவிட்டால் அந்த ஊரில் உள்ள சொந்தக்காரரையோ ஒரு கால்நடை மருத்துவரையோ போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். "பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, கொண்டு வந்து தர்றோம்" என்பவரிடம் வாங்காதீர்கள்; குட்டி நிஜமாக இருந்தாலும் அது வளர்ந்த இடம் காட்டத் தக்கதாக இல்லை என்றே அர்த்தம்.

நேரில் போனால் எதைப் பார்ப்பது

முதலில் வயது. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017 மத்திய விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. நம் ஊரில் 30 நாள் குட்டி சர்வசாதாரணமாகக் கைமாறுகிறது. "சின்னதா எடுத்தாத்தான் ஒட்டும்" என்று வாங்குபவரே கேட்பதும் இதற்கு ஒரு காரணம். தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் விட்டு அவ்வளவு சீக்கிரம் பிரித்தால் கடிக்கும் அளவு தெரியாமல் வளரும், பயந்த சுபாவம் வரும், பால் மறக்கும் அதிர்ச்சியில் வயிறு கெடும். வாயைத் திறந்து பாருங்கள். பால் பற்கள் மூன்று, நான்காவது வாரத்தில்தான் முளைக்கத் தொடங்கும். எட்டு வாரக் குட்டிக்கு ஊசி போன்ற 28 பால் பற்கள் அநேகமாக முழுதாக வந்திருக்கும். கடைவாய்ப் பற்கள் இன்னும் ஈறுக்குள் இருந்தால், "ரெண்டு மாசம்" என்று சொன்னது பொய். எட்டு வார லாப்ரடார் சுமார் 5 கிலோ இருக்க வேண்டும். இரண்டரைக் கிலோவில் இருந்தால் வயது பொய் அல்லது தீனி இல்லை. இரண்டுமே உங்களுக்குத்தான் செலவு.

தடுப்பூசி அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். உண்மையாக ஊசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியின் மேல் இருந்த சின்ன ஸ்டிக்கர், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரிய, அட்டையில் ஒட்டியிருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண். வெறும் பேனாவில் தேதி மட்டும் எழுதியிருந்தால் அதை ஊசி என்று கணக்கில் எடுக்காதீர்கள். 40 நாள் குட்டியின் அட்டையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டதாக இருந்தால் அட்டையே பொய்யாக இருக்கலாம். அது வழக்கமாக மூன்றாம் மாதத்தில் போடுவது. ஒரே கூட்டத்தில் பிறந்த நான்கு குட்டிகளின் அட்டையிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, முத்திரை மட்டும் இல்லை என்பதும் நிறையப் பார்த்த சங்கதி. அட்டையில் உள்ள மருத்துவருக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்தது இனம். "கேசிஐ பேப்பர் உண்டு" என்று சொல்வதும், பேப்பர் கையில் இருப்பதும் வேறு வேறு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா (கேசிஐ) தரும் பதிவுச் சான்றில் குட்டியின் பெயர், தாய் தகப்பன் வம்சம், மைக்ரோசிப் எண் எல்லாம் இருக்கும். சிப் அரிசிமணி அளவில் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும். ஸ்கேனரில் படித்தால் 15 இலக்க எண் வரும். சான்றில் உள்ள எண்ணும் ஸ்கேனர் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கேனர் விற்பவரிடம் இல்லாவிட்டால் பக்கத்துக் கிளினிக்கில் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். "பேப்பர் அப்புறம் கூரியர்ல வரும்" என்றால் பேப்பர் இல்லாத குட்டிக்கு உரிய விலையைத்தான் பேச வேண்டும்.

சந்தை மொழியில் ஏமாறாதீர்கள். "ஹெவி போன்", "ஷோ குவாலிட்டி", பெர்சியன் பூனைக்கு "பன்ச் ஃபேஸ்" என்பதெல்லாம் விலையை ஏற்றும் சொற்கள். எந்தப் பதிவுச் சான்றிலும் அப்படி ஒரு வகை எழுதியிருக்காது. "டீகப்", "பாக்கெட் பொம்" என்று தனி இனம் கிடையாது; பெரும்பாலும் வயது குறைந்த அல்லது நோஞ்சான் குட்டிதான் அந்தப் பெயரில் வரும். நம் ஊரில் பொமரேனியன் என்று விற்பதில் பெரும்பகுதி இந்தியன் ஸ்பிட்ஸ். அதுவும் நல்ல நாய்தான், ஆனால் விலை அதுக்குரியதாக இருக்க வேண்டும்.

ராஜபாளையம் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். முழு வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு கொண்ட குட்டிக்குத்தான் கிராக்கி. அந்த நிறத்தோடு காது கேளாமையும் இந்த இனத்தில் சேர்ந்து வருவதுண்டு. குட்டியைக் கூட்டத்திலிருந்து தனியே எடுத்து, அது உங்களைப் பார்க்காத நேரத்தில் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கையைத் தட்டினால் காற்றோ நிழலோ பட்டுத் திரும்பிவிடும். சாவிச் சத்தம்தான் சரி. இரண்டு மூன்று முறை, இரு பக்கமும். மற்ற குட்டிகளோடு இருக்கும்போது பார்த்தால் அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும்.

கிளி, ஆமை விஷயத்தில் கணக்கே வேறு. பச்சைக்கிளி, மலை மைனா, நட்சத்திர ஆமை ஆகியவை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விற்பதும் குற்றம், வாங்கி வளர்ப்பதும் குற்றம். இதில் ஏமாந்தவர் புகார் கொடுக்கவே பயப்படுவார் என்பது விற்பவருக்குத் தெரியும். சில இடங்களில் அதே கும்பல் "வனத்துறை" என்று போன் போட்டு இன்னொரு முறை கறக்கும். வெளிநாட்டுப் பறவையான ஆப்பிரிக்கன் கிரே கிளி 2017 முதல், அழியும் நிலையில் உள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. இப்படிப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

ரசீது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினாலும் சரி, வீட்டில் வளர்ப்பவரிடம் வாங்கினாலும் சரி, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தகராறு வரும்போது பேசப்போவது அந்தத் தாள்தான். இப்படி இருந்தால் போதும்:

"இன்று … தேதி, … இனம், … பாலினம், … நிறம், பிறந்த தேதி … உள்ள ஒரு குட்டியை ரூ. … பெற்றுக்கொண்டு விற்றேன். மைக்ரோசிப் எண் … . … தேதியில் … தடுப்பூசி போடப்பட்டது. வாங்கிய 14 நாளுக்குள் பார்வோ அல்லது டிஸ்டெம்பர் நோய் இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சான்று அளித்தால் முழுத் தொகையையும் திருப்பித் தருகிறேன்."

பார்வோவும் டிஸ்டெம்பரும் குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் நோய்கள். கீழே விற்பவரின் பெயர், முகவரி, போன் எண், கையெழுத்து, மாநில விலங்குகள் நல வாரியப் பதிவு எண். பிரீடரும் சரி, பெட் ஷாப்பும் சரி, வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2017, 2018 விதிகள். வெளியூரிலிருந்து குட்டியைக் கொண்டுவருவதென்றால் பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்ற கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் கணக்கில் போட்டால் இன்னொரு சாட்சி சேரும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடம்

மோசடிக்காரரிடம் சண்டை போடாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தால் பணத்தை அடுத்த கணக்குக்குத் தள்ளுவார். முதலில் 1930. இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய எண். உங்கள் கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, யுபிஐ செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், எதிராளியின் யுபிஐ முகவரி, போன் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு அழையுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திராமல் சைபர்கிரைம் தளத்தில் பதிவு செய்யுங்கள். இந்தப் புகார் நேராக வங்கிகளுக்குப் போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அதை முடக்கி வைக்க வழி செய்கிறது. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் முடக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் அவசரம். 1930-ல் புகார் எண் கிடைத்ததும் அன்றைக்கே தளத்தில் முழு விவரத்தையும் சேர்த்து முடியுங்கள்.

பல தவணையாகப் பணம் போயிருந்தால் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். மொத்தமாக "38,000 போச்சு" என்று எழுதினால் வங்கியால் தேட முடியாது. முதலில் போட்ட 1,000 ரூபாயையும் விடாதீர்கள். பெரும்பாலும் அது வேறு கணக்குக்குப் போயிருக்கும், அந்தக் கணக்கு வழியாக மற்ற புகார்களோடு முடிச்சு விழும்.

அடுத்து உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்குச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வையுங்கள். மறையும் செய்தி வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். எதிராளி அழித்துவிடுவார் என்பதால் விளம்பரத்தை முகவரியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். எண்ணை பிளாக் செய்வதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பிறகு காவல் நிலையம். "இது எங்க லிமிட் இல்லை" என்று சொன்னால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவின்படி எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். புகாரில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 318(4), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி என்று குறிப்பிடலாம்: முதலாவது ஏமாற்றிப் பொருளைப் பறிப்பது, இரண்டாவது கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. முடக்கப்பட்ட பணம் தானாக உங்களுக்குத் திரும்பாது. நீதிமன்றத்தில் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டிவரலாம். புகார் எண்ணையும் வங்கி தந்த பதில்களையும் பத்திரமாக வைத்திருந்தால் அந்த மனு எளிது.

யார் பொறுப்பு

குற்றம் ஏமாற்றியவருடையது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. ஏமாந்தவரின் ஆசையோ அவசரமோ குற்றவாளியின் தண்டனையில் ஒரு நாளைக்கூடக் குறைக்காது. சட்டத்திலும் இல்லை, நியாயத்திலும் இல்லை. ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது கேள்வி வேறு விதமாக வருகிறது: யாரிடம் கேட்டால் கிடைக்கும்?

வங்கியிடம் கேட்டால் பெரும்பாலும் கை விரிக்கும். வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று சொல்லும் ரிசர்வ் வங்கி விதி, உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கானது. நீங்களே பின் போட்டு அனுப்பியதை வங்கி "அனுமதிக்கப்பட்ட பரிவர்த்தனை" என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் புகார் கொடுத்த பிறகும் முடக்க நடவடிக்கை எடுக்காமல் வங்கி தாமதித்திருந்தால் அது சேவைக் குறைபாடு. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

கணக்கை வாடகைக்கு விட்டவரை யாரும் பேசுவதில்லை. பணம் போய் விழும் கணக்கு பல நேரம் மோசடிக்காரருடையதே அல்ல; கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்த ஒரு கல்லூரி மாணவருடையதாகவோ கூலித் தொழிலாளியுடையதாகவோ இருக்கும். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். போலீஸ் முதலில் போய் நிற்பது அவர் வீட்டு வாசலில்தான். நிஜ முகவரியோடு கிடைக்கும் முதல் ஆள் என்பதால், புகாரில் கணக்குக்காரரையும் எதிரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

விளம்பரம் வந்த தளத்தின் நிலை இன்னும் கசப்பானது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79-வது பிரிவு இடைத்தரகர் என்று அதற்குப் பாதுகாப்பு தருகிறது. பணத்தைத் தளத்திடமிருந்து வாங்குவது அரிது. ஆனாலும் 2021 விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "ஸ்பான்சர்டு" என்று காசு வாங்கிக்கொண்டு காட்டிய விளம்பரமாக இருந்தால் அதையும் எழுதுங்கள். காசு வாங்கிக் காட்டியதில் தளத்துக்குப் பொறுப்பே இல்லை என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

வாங்குபவரின் பங்கு? போலி விற்பனையாளரிடம் ஏமாந்ததில் அவருக்குப் பழி இல்லை. ஆனால் 30 நாள் குட்டி கேட்பதும், பில் வேண்டாம் விலையைக் குறை என்பதும், பச்சைக்கிளிக்குப் பேரம் பேசுவதும் வாங்குபவர் கையில் இருப்பவை. அந்தச் சந்தை இருக்கும் வரை ஒழுங்காக வளர்த்து எட்டு வாரத்தில் விற்பவர் விலையில் தோற்றுக்கொண்டே இருப்பார்.

குட்டி வந்த நாலாம் நாள் படுத்தால்

பார்வோ கிருமி உடம்பில் ஏறி நோய் வெளியே தெரிய வழக்கமாக 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் 14 நாள்வரை போகும். வீட்டுக்கு வந்த இரண்டாம், மூன்றாம் நாளே வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் வந்தால், விற்ற இடத்திலேயே தொற்றியிருக்கத்தான் அதிக வாய்ப்பு. "நீங்க பால் குடுத்தீங்க, அதான்" என்பதுதான் விற்பவரின் வழக்கமான பதில். பால் கொடுத்தால் வயிறு கழியலாம், பார்வோ வராது. அதனால் மல மாதிரியில் பார்வோ கிட் சோதனை செய்து, தேதியோடு அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். ஊசி போட்ட சில நாளுக்குள் சோதித்தால் ஊசியின் கிருமியாலேயே லேசான பாசிட்டிவ் வரலாம், விற்பவர் அதைப் பிடித்துக்கொள்வார். ஊசி போட்ட தேதியையும் அறிகுறிகளையும் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். அட்டையில் ஒரு ஊசி இருப்பது பாதுகாப்பு ஆகாது. தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்பு முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கும் என்பதால்தான் 16 வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு மருத்துவரிடம் காட்டி, எடை, காய்ச்சல், பல், காது, தொப்புள் குடலிறக்கம் எல்லாம் எழுதி வாங்கியிருந்தால் உங்கள் கை பலமாக இருக்கும். குட்டி இறந்துவிட்டால் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அரசு கால்நடை மருத்துவமனையிலோ வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரிக்கலாம். உடலை ஐஸ் வைத்த பெட்டியில் குளிராக வையுங்கள், ஃப்ரீசரில் உறைய விடாதீர்கள். உறைந்தால் திசு சிதைந்து அறிக்கை தெளிவாக வராது.

சட்டத்தின் பார்வையில் விற்கப்பட்ட குட்டி ஒரு பொருள். சொன்னபடி இல்லாத பொருளை விற்றவர் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார். முதலில் விற்பவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ்: ரசீது, சோதனை அறிக்கை, சிகிச்சைச் செலவு, 15 நாள் கெடு. பதில் இல்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைச் சாட்சியாகக் கொடுப்பதென்றால் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணையுங்கள். அச்சிட்ட தாள் மட்டும் போனால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏமாந்ததைச் சமூக ஊடகத்தில் எழுதியதும், "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், சைபர் செல்லில் ஆள் இருக்கு, 10 சதவீதம் மட்டும் முன்பணம்" என்று செய்தி வரத் தொடங்கும். உங்கள் போன் எண், இழந்த தொகை, குட்டியின் இனம்கூடச் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் பல நேரம் அது முதலில் ஏமாற்றிய அதே கும்பல். 1930-ல் புகார் கொடுக்கவும், பணத்தை முடக்கவும், முடக்கியதைத் திருப்பித் தரவும் எந்த அதிகாரியும் காசு கேட்பதில்லை. அந்தச் செய்தி வந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.